மறவாமையில் மலரும் அன்றாட மகிழ்ச்சி

2022ஆம் ஆண்டின் மார்ச் மாத இறுதி நாட்கள் எமது நினைவிலிருந்து இலகுவில் நீங்கக்கூடியவை அல்ல. நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலம் அது. சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்குமாக வரிசைகளில் காத்து நின்று களைத்தவர்கள், இரவில் பனையோலை விசிறியால் பிள்ளைகளுக்கு விசிறியபடி உறக்கமின்றி இருந்தனர். அத்தகைய ஓரிரவில் திடீரென விளக்குகள் ஒளிர்ந்தபோது ஒழுங்கை முழுவதும் எழுந்த ஆரவாரம் எமது காதுகளில் இன்னமும் ஒலிக்கின்றது. சிறுவர்கள் கைதட்டினார்கள். பெரியவர்களும் தம்மையறியாமல் சிரித்தார்கள். மின்விசிறியின் காற்று முதன்முதலாக உடலில் பட்டபோது அது பெரியதொரு பாக்கியமாகவே தோன்றியது.

இன்றும் நாம் அதே ஆளியை அழுத்துகின்றோம். அதே விளக்கு ஒளிர்கின்றது. அதே விசிறி சுழல்கின்றது. ஆனால் அதை நாம் கவனிப்பதில்லை. விளக்கு மாறவில்லை, வெளிச்சமும் குறையவில்லை. அவ்வாறாயின் அன்று இருந்த மகிழ்ச்சி எங்கே போயிற்று? வசதி திரும்பி வந்தது. அது வந்துவிட்டது என்பதை நாம் மறந்துவிட்டோம் என்பதே இதற்கான விடையாகும்.

மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது அது இனிமேல் ஈட்டவேண்டிய ஒன்று என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். வீடு கட்டி முடிந்த பின்னர், மகளின் திருமணம் நிறைவேறிய பின்னர், மகன் வெளிநாடு சென்ற பின்னர் மகிழ்ச்சியாக இருக்கலாம் என்று அதனைத் தள்ளிவைக்கின்றோம். எம்மிடம் வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் எவ்வளவு எமது கவனத்திற்கு எட்டாமலே கடந்து போகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தக் கவனத்தை வளர்க்கும் பயிற்சியே இன்று உலகெங்கும் 'மைன்ட்புல்னஸ்' என்ற பெயரில் பேசப்படுகின்றது. தமிழில் இதனை மனவிழிப்பு எனலாம். நிகழும் கணத்தில் எம்முள்ளும் எம்மைச் சுற்றியும் நடப்பதை, நல்லது கெட்டது என்று உடனே தீர்ப்பு வழங்காமல், உள்ளபடி கவனித்திருத்தல் என்பது இதன் பொருள்.

இலங்கையிலிருந்து சென்ற சொல்

மேலைநாட்டு மருத்துவமனைகளிலிருந்தும் பெரும் கம்பனிகளிலிருந்தும் எம்மை வந்தடைந்த புதுமையாகவே பலர் இதனை நோக்குகின்றனர். உண்மையில் இச்சொல்லின் பயணம் எமது தீவுடன் நெருங்கிய தொடர்புடையது. 1860களில் இலங்கை சிவில் சேவையில் இணைந்து காலியிலும் பின்னர் அநுராதபுரத்திலும் பணியாற்றிய ஆங்கிலேயரான ரீஸ் டேவிட்ஸ், இங்கேயே பாளி மொழியைக் கற்றார். நாடு திரும்பிய அவர் 1881ஆம் ஆண்டில் பாளி நூற் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில் வெளிவந்த தமது மொழிபெயர்ப்பில், பௌத்தத்தின் எண்வகை மார்க்கத்தில் ஒன்றான 'சம்மா சதி'யைக் குறிக்க இந்த ஆங்கிலச் சொல்லை அவர் கையாண்டார்.

ஜேர்மனியில் பிறந்து 1936இல் இலங்கைக்கு வந்து துறவியான ஞானபொனிக தேரர், கண்டி உடவத்தகலே வனத்திலுள்ள துறவி மடத்தில் நீண்டகாலம் வாழ்ந்தவர். பௌத்த தியானம் பற்றி அவர் எழுதி 1954இல் கொழும்பில் வெளியான ஆங்கில நூல், மேற்குலகில் இப்பயிற்சியைப் பரவலாக்கிய நூல்களுள் முக்கியமானது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜோன் கபட்-சின் என்பவர், தீராத வலியினால் அவதியுற்ற நோயாளர்களுக்காகப் பயிற்சி நெறியொன்றை ஆரம்பித்தார். சமயச் சடங்குகள் எதுவுமின்றி மூச்சையும் உடலையும் கவனித்தலே அதன் அடிப்படை. இன்று பல நாடுகளின் வைத்தியசாலைகளில் நடத்தப்படும் பயிற்சிகளுக்கு அதுவே முன்மாதிரி.

'சதி' என்ற பாளிச் சொல் தமிழ்ச் செவிக்குச் சூழ்ச்சி என ஒலிக்கும். ஆனால் அது ஸ்மிருதி என்ற வடசொல்லுடன் உறவுடையது. அதன் வேர்ப்பொருள் நினைவு, அதாவது மறவாதிருத்தல். கவனத்தைக் குறிக்க நினைவைக் குறிக்கும் சொல்லை ஏன் தேர்ந்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. கவனம் என்பது புதிதாக ஒன்றைத் தேடிப் பிடிப்பதல்ல. கண்முன்னே இருப்பதை மறந்துவிடாதிருப்பதே கவனம்.

எமக்கு அந்நியமானதல்ல

இவ்வாறு பார்க்கும்போது இக்கருத்து தமிழ், முஸ்லிம் மரபுகளுக்குச் சற்றும் அந்நியமானதல்ல என்பது புலனாகும். திருக்குறளின் 54ஆவது அதிகாரத்தின் பெயர் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி. பொச்சாவாமை என்றால் மறவாமை. அளவு கடந்த சினத்தினால் வரும் தீங்கைவிட, மிகுந்த மகிழ்ச்சியில் திளைத்து மறந்திருப்பதால் வரும் தீங்கு பெரிது என்று அந்த அதிகாரம் தொடங்குகின்றது. ஆட்சி செய்வோனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இது. எனினும் மின்சாரம் வந்ததும் இருளை மறந்த எமக்கும் இது பொருந்தும். துன்பத்தில் விழித்திருக்கும் மனம், வசதியில் உறங்கிவிடுகின்றது.

இஸ்லாமிய மரபில் திக்ர் என்ற சொல்லின் பொருளும் நினைவுகூரல் என்பதே. அதற்கு எதிர்நிலையான கஃப்லா எனும் பராமுகத்தை அல்குர்ஆன் கண்டிக்கின்றது. தொழுகையின் உயிர் உள்ளச்சமும் ஒருமைப்பாடுமே என்பதையும், உடல் தொழுகையில் நிற்க உள்ளம் கடைத்தெருவில் உலாவுவது எவ்வளவு எளிது என்பதையும் தொழுகையாளிகள் நன்கறிவர். சைவ மரபிலோ, மனத்தின் ஓட்டம் அடங்கிச் சும்மா இருத்தல் உயர்ந்த நிலையாகப் போற்றப்படுகின்றது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் வழியைப் பின்பற்றுவோருக்கு இது பழகிய சொல்லாகும்.

இவையனைத்தும் ஒன்றே என்று கூறுவது எமது நோக்கமன்று. திக்ரில் நினைவுகூரப்படுபவன் இறைவன். பௌத்த தியானத்தில் கவனிக்கப்படுவது உடலும் உணர்வும் மனமும். இலக்குகள் வேறு. ஆயினும் மனிதன் மறக்கும் இயல்பினன் என்பதிலும், அந்த மறதி அவனை வறியவனாக்குகின்றது என்பதிலும் இம்மரபுகள் உடன்படுகின்றன. எனவே தனது சமயத்திற்கு இது முரணானதோ என்ற அச்சம் எவருக்கும் தேவையில்லை. அவரவர் வழிபாட்டை முழுக் கவனத்துடன் செய்வதே நல்லதொரு தொடக்கமாக அமையும்.

மனம் அலைவது ஏன்?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியூ கிலிங்ஸ்வேர்த், டானியல் கில்பேர்ட் ஆகிய உளவியலாளர்கள் 2010ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஆய்வொன்றை வெளியிட்டனர். 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் கையடக்கத் தொலைபேசி மூலமாகக் கேள்விகள் அனுப்பப்பட்டன. இப்போது என்ன செய்கின்றீர்கள், மனம் செய்யும் வேலையில் இருக்கின்றதா, எவ்வாறு உணர்கின்றீர்கள் என்பனவே அக்கேள்விகள். கிடைத்த பதில்களில் 46.9 சதவீதமானவை, மனம் வேறெங்கோ இருந்ததாகத் தெரிவித்தன. மனம் அலைந்த வேளைகளில் மக்கள் குறைந்த மகிழ்ச்சியுடனேயே இருந்தனர். இனிமையான நினைவுகளில் அலைந்தபோதுகூட, செய்யும் வேலையில் மனம் ஊன்றியிருந்த வேளையைவிட அவர்கள் கூடுதலாக மகிழவில்லை. என்ன வேலை செய்கின்றோம் என்பதைவிட, மனம் எங்கே இருக்கின்றது என்பதே மகிழ்ச்சியை அதிகம் தீர்மானித்தது.

மற்றொரு காரணம் பழக்கமாகும். தேநீரின் மணம் முதல் மிடறில் இருப்பதுபோல் பத்தாவது மிடறில் இருப்பதில்லை. மாறாதிருப்பதைக் கவனத்திலிருந்து நீக்கிவிட்டு, மாற்றத்தையும் ஆபத்தையும் தேடுவது மூளையின் இயல்பு. உயிர் பிழைப்பதற்கு இது உதவியது. ஆனால் வாழ்ந்து மகிழ்வதற்கு இதுவே தடையாகின்றது. 1978இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், அதிர்ஷ்டலாபச் சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேர் ஆராயப்பட்டனர். ஏனையோரைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் மகிழ்ச்சியாக இருக்கவில்லை. நண்பருடன் உரையாடுதல், காலை உணவு உண்ணல், நகைச்சுவை ஒன்றைக் கேட்டல் போன்ற சாதாரண விடயங்களில் அவர்கள் கண்ட இன்பமோ ஏனையோருடையதைவிடக் குறைந்திருந்தது. பஸ் நிலையங்களில் லொத்தர்ச் சீட்டுகளை ஏக்கத்துடன் பார்த்து நிற்கும் எமக்கு இது நல்லதொரு பாடம்.

விரதம் கற்றுத்தரும் பாடம்

இழந்து பெறும்போது மகிழ்ச்சி புதிதாகின்றது என்பதை எமது சமூகங்கள் நீண்டகாலமாக அறிந்திருக்கின்றன. ரமழானில் பகல் முழுவதும் நோன்பிருந்தவருக்கு, மஃரிப் வேளையில் வாயிலிடும் பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீரும் எத்தகைய சுவையைத் தருகின்றன! கந்தசஷ்டி விரதத்தின் ஆறு நாட்களையும் கடந்து பாறணைக்கு அமர்பவருக்கு, இலையில் விழும் முதற்பிடி சோறு வெறும் சோறாகத் தெரிவதில்லை. பழமும் சோறும் மற்ற நாட்களில் உண்பவைதாம். அவற்றை உண்ணும் மனம் அப்போது வேறெங்கும் செல்லாமல் அங்கேயே இருக்கின்றது.

கபட்-சின்னின் பயிற்சி நெறியிலும் முதற்பாடம் இவ்வாறானதே. ஓர் உலர் திராட்சையைக் கையில் எடுத்து, அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாவில் வைத்து, மெதுவாக மென்று விழுங்குமாறு பயிலுநர்களிடம் கூறப்படும். ஒரே பழத்திற்கு இத்தனை நேரமா என்று முதலில் எவருக்கும் தோன்றும். இதுவரை எத்தனை பழங்களைச் சுவைக்காமலே விழுங்கினோம் என்ற எண்ணமும் கூடவே எழும்.

இழப்போ விரதமோ இல்லாத சாதாரண நாளிலும் இதனைப் பழகலாம். இதற்கு மலையுச்சியோ தனியறையோ கட்டணமோ தேவையில்லை. நாளொன்றுக்கு ஒரு வேலையைத் தெரிவு செய்துகொண்டால் போதும். அரிசி களையும்போது நீரின் குளிர்ச்சியையும், விரல்களினூடே நழுவும் அரிசியையும், நீர் வெண்மையாவதையும் கவனிக்கலாம். காலையில் முற்றம் கூட்டும்போது ஈர்க்குமாறின் ஓசையையும் மண்ணில் விழும் கோடுகளையும் கவனிக்கலாம். பாண் விற்கும் முச்சக்கரவண்டியின் இசை தொலைவில் தொடங்கி, அருகே வந்து, தேய்ந்து மறைவதை முழுமையாகக் கேட்கலாம். வுழூச் செய்யும்போது ஒவ்வோர் உறுப்பிலும் நீர் படுவதை அறிந்து செய்யலாம். 2015இல் அமெரிக்காவில் 51 மாணவர்களிடம் செய்யப்பட்ட சிறிய ஆய்வொன்றில், கவனத்துடன் பாத்திரம் கழுவுவது பற்றிய குறிப்பை வாசித்துவிட்டு அவ்வாறே கழுவியவர்களிடம் பதற்றம் 27 சதவீதத்தால் குறைந்ததாக அறியப்பட்டது. சிறிய ஆய்வேயாயினும், எமது பாட்டிமார் அறிந்திருந்த ஒன்றையே அது சொல்கின்றது.

மனம் இடையில் ஓடும், ஓடியே தீரும். கடன் தவணையும் பிள்ளையின் பரீட்சையும் நேற்று ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லும் நினைவில் வரும். அதனைத் தோல்வியெனக் கருதித் தன்னைத் தானே கடிந்துகொள்ளக் கூடாது. ஓடியது தெரிந்தவுடன், விளையாடித் திரியும் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்து வருவதைப்போல் மனத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும். அவ்வாறு திரும்புதலே பயிற்சி. நூறு தடவை ஓடினால் நூறு தடவை திரும்புகின்றோம்.

இரவில் உறங்கச் செல்லுமுன் அன்றைய நாளில் நன்றி கூறத்தக்க சிலவற்றை எழுதிவைப்பதும் பயனளிக்கும். ரொபர்ட் எமன்ஸ், மைக்கல் மெக்கலோ ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரங்கள் வாரந்தோறும் இவ்வாறு ஐந்து விடயங்கள் வரை எழுதியவர்கள், தமது தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தமது வாழ்க்கை பற்றிக் கூடுதல் திருப்தியுடன் காணப்பட்டனர். அதேபோல் உணவு வேளையில் கையடக்கத் தொலைபேசியை வேறோர் அறையில் வைப்பது சிறிய செயலாயினும் குடும்பத்திற்குப் பெரிய கொடையாகும். பாடசாலையில் நடந்ததைப் பிள்ளை சொல்லும்போது தந்தையின் கண்கள் திரையில் இருந்தால், அந்தக் கதை மறுநாள் சொல்லப்படாமலே போய்விடும்.

காயமுற்ற மனங்களும் மகிழ்ச்சியும்

இவ்வளவும் கூறியபின் எம்முன் ஒரு கேள்வி எழுகின்றது. மூன்று தசாப்த காலப் போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட மக்களிடம் அன்றாட மகிழ்ச்சி பற்றிப் பேசுவது தகுமா? காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தி 2017ஆம் ஆண்டு முதல் வீதியோரத்தில் அமர்ந்த தாயிடம், கடந்ததை மறந்து நிகழ்காலத்தில் வாழுங்கள் என்று சொல்ல எவருக்கு உரிமையுண்டு? 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டின் கிணற்றையும் முற்றத்து மரத்தையும் நினைத்தபடி புத்தளத்தில் முதுமையடைந்தவரிடம் இதனை எவ்வாறு கூறுவது?

அவ்வாறு கூறுவது மனவிழிப்பு ஆகாது. அநீதியை மறக்கச் சொல்லும் எந்தப் பயிற்சியும், துயருற்றவரின் வாயை மூடுவதற்கான உபாயமே. மனவிழிப்பின் வேர் மறவாமை என்று மேலே கண்டோம். உள்ளதை உள்ளபடி அறிதலே அதன் சாரமென்றால், வலி இருக்கும்போது வலியை அறிவதும் அதில் அடங்கும். உரிமைக்காகக் குரல் எழுப்புவதற்கு அது தடையாக இருக்க முடியாது. அதேவேளை, மகனுக்காகக் காத்திருக்கும் தாய், மாலையில் பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்டு ஒரு கணம் சிரித்தால், அது மகனுக்குச் செய்யும் துரோகமன்று. துயரும் மகிழ்ச்சியும் ஒரே நெஞ்சில் வாழக்கூடியவை. சிரித்துவிட்டோமே என்று வருந்தும் எத்தனையோ பேர் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, அந்தச் சிரிப்பும் உங்களுக்கு உரியது என்பதே.

இப்பயிற்சியின் எல்லைகளையும் அறிந்திருத்தல் அவசியம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்களில், இதனை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை பெற்றோரிடையே நோய் மீளத் திரும்பும் வீதம் 66இலிருந்து 37 சதவீதமாகக் குறைந்ததாக 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் 47 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கிய 2014ஆம் ஆண்டின் மீளாய்வு, தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கின்றன என்றும், உடற்பயிற்சி போன்ற ஏனைய வழிகளைவிட அவை மேலானவை என்பதற்குச் சான்றில்லை என்றும் முடிவு கூறியது. பிரித்தானியப் பாடசாலைகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கி 2022இல் வெளியான ஆய்விலும், வழமையான பாடங்களைவிட இப்பயிற்சி கூடுதல் நன்மை தரவில்லை. எனவே இதனைச் சர்வரோக நிவாரணியாக விற்போரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்கள் கண்களை மூடி அமரும்போது, ஷெல் ஓசையும் கண்ட காட்சிகளும் மீண்டும் வந்து வருத்தக்கூடும். அவர்கள் கண்களைத் திறந்தபடி, பாதம் தரையில் பதிந்திருப்பதையும் சுற்றியுள்ள ஓசைகளையும் கவனிப்பது நல்லது. வேதனை மிகுந்தால் நிறுத்திவிட வேண்டும். உறக்கமின்மையும் உயிர்மீதான வெறுப்பும் தொடருமாயின், வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுவதோ, 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழைப்பதோ சிறந்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், பாதிக்கப்பட்டோருக்கு அவரவர் சமயத்திற்கும் பண்பாட்டிற்கும் ஏற்ற தளர்வுப் பயிற்சிகளையே வழங்கினார். பழகிய மந்திரமும் பழகிய திக்ரும் பழகிய செபமும், அந்நியமான வழிமுறைகளைவிட விரைவாக நெஞ்சைத் தொடும் என்பதே அதன் அடிப்படை.

இன்றிரவும் ஆளியை அழுத்துவோம், விளக்கு ஒளிரும். அந்த ஒரு கணம் நின்று, வெளிச்சம் அறை முழுவதும் பரவுவதைப் பார்ப்போமாக. சுவரோரம் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் பிள்ளையின் முகமும், அடுக்களையில் நிற்கும் துணையின் களைத்த தோள்களும், மூலையில் கிடக்கும் முதியவரின் விழித்த கண்களும் அந்த வெளிச்சத்தில் தெரியும். அவை நேற்றும் அங்கேயே இருந்தன. நாளையும் இருக்கும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது என்பதை எம்மைவிட நன்கறிந்த மக்கள் எவருளர்? ஆதலால் இன்று இருப்பவர்களை இன்றே கண்ணாரக் காண்போம்.